நாற்காலிக்குச் சாட்சி

கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம். அதற்குக் கருத்துச் சொல்ல, துணிக்கடைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து தங்களில் ஒருத்தியான வாயாடியை அனுப்பினார்கள். முதலாளியையே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டவள் என்று அவளுக்குப் பேர். கேட்டது அவர் காரில் ஏறிப் போன பிறகு என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கருத்துக் கேட்கும் அறையில் அதிகாரி எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்கம்மா."

"பரவால்ல சார், நிக்கிறேன்."

அந்தப் பாழாய்ப்போன வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. பிறகு முழங்கால் வலி, கால் வீக்கம், துணிக்கட்டின் மேல் கொஞ்சம் சாய்ந்ததற்கு வாங்கிய திட்டு என்று மூச்சுவிடாமல் பொழிந்து தள்ளினாள்.

அதிகாரி பேனாவை மூடினார். "இவ்வளவையும் நின்னுக்கிட்டேதானேம்மா சொன்னீங்க?"

வாயாடிக்கு முகம் தொங்கிப்போனது. எல்லோருடைய நாற்காலியையும் ஒருத்தியாக நின்றே கெடுத்துவிட்டாளே.

"அதான் சார் நோயே. நாற்காலியைப் பாத்தா கஸ்டமருக்குன்னு கால் தானா ஒதுங்குது. 'நாற்காலி போடணும்'னு மட்டும் எழுதாதீங்க. 'உட்காந்தே ஆகணும்'னு எழுதுங்க."

"சரி, எழுதுறேன். இப்பவாவது உட்காருங்க."

அவள் நாற்காலியை ஒருமுறை பார்த்தாள்.

"சட்டம் வரட்டும் சார்."