மூன்று ஊசி

பதினோரு வருஷமாகத் தினமும் போய்வருகிற இடத்துக்கு வழி தெரியாமல் ஒரு மனிதர் நிற்க முடியுமா? டிரைவர் நின்றார். அதுவும் மனைவியையும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஷாப்பிங் மாலின் பளபளக்கும் தரையில், இரண்டாவது மாடியா மூன்றாவது மாடியா என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அந்த ஹோட்டல் உங்க கைக்குள்ளன்னு சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"கைக்குள்ளதான். கொஞ்சம் பொறு."

"அப்பா, அந்த நீலச் சட்டை பொம்மைக்கு நான் மூணு தடவை டாட்டா காட்டிட்டேன்" என்றாள் மகள். "அதுக்கே நம்மளைப் பாத்து அலுத்துப்போயிருக்கும்."

அவர் பீற்றிக்கொண்டது முழுப் பொய் இல்லை. அந்தக் கடல் உணவு ஹோட்டலுக்குப் பல ஊர்களில் கிளைகள் உண்டு. இந்த மாலில் உள்ள கிளைக்கு மீனும் இறாலும் நண்டும் இவருடைய ஃப்ரீசர் வண்டியில்தான் வந்து இறங்கும். ஆனால் அவர் வருவது பின்பக்கமாக, ஊர் சோம்பல் முறிக்கும் நேரத்தில். தரைக்குக் கீழே வண்டி நிறுத்தும் மேடை, குப்பை டிரம்கள், சரக்கு லிஃப்ட், எப்போதும் ஈரமாக இருக்கும் ஒரு நீளப் பாதை, கடைசியில் இரும்புக் கதவு. கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவார். முன்பக்கம் என்று ஒன்று இருப்பதை அவர் யோசித்ததே கிடையாது.

கடைசியில் ரோஷத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, குடும்பத்தைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப்போய்ச் சரக்கு லிஃப்டில் ஏற்றினார். அங்கே இருந்த காவல்காரர், "என்னண்ணே, இந்த நேரத்துல லோடா?" என்றார். "ஆமா, ரெண்டு உருப்படி" என்றாள் மனைவி, புதுச் செருப்பு நனையாமல் குதிகாலைத் தூக்கி நடந்துகொண்டே. காவல்காரர் சிரித்த சிரிப்பு லிஃப்ட் மூடும்வரை கேட்டது.

கழிவறைக்குப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்தால், எதிரே ஹோட்டல். டிரைவர் அப்படியே நின்றுவிட்டார்.

இவ்வளவு அழகாகவா இருக்கும்? நீல நாற்காலிகள், மேசைக்கு மேசை தாழத் தொங்கும் மஞ்சள் விளக்கு, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சமையற்காரர்கள் நெருப்போடு விளையாடிக்கொண்டிருந்தார்கள். காலையில் அவர் கல்லை இறக்குவது போல இறக்கிவைத்துவிட்டுப் போகிற மீன், அங்கே ஒரு தட்டையான கரண்டியில் புரண்டு, பொன்னிறமாகத் தோல் முறுகி, எலுமிச்சைத் துண்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ராஜா மாதிரி தட்டில் படுத்தது. பரிமாறுகிறவர் ஒரே கையில் நாலு தட்டை வரிசையாக ஏந்தி, இரண்டு நாற்காலிக்கு நடுவே நழுவிப் போனார். ஒரு சொட்டுக் குழம்பு அசையவில்லை. டிரைவருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பதால் அந்த நடையின் அருமை நன்றாகவே தெரிந்தது.

"நம்ம மீனாங்க இது?" என்றாள் மனைவி மெதுவாக. எதையும் லேசில் பாராட்டாதவள். கடைசித் தங்கையின் கல்யாணச் சாப்பாட்டையே 'பரவாயில்லை' என்றவள்.

"நம்ம மீன்தான்" என்றார். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நிமிஷமே பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஏனென்றால், காலையில் அவர் ஒரு காரியம் செய்திருந்தார்.

அதைச் சொல்வதற்கு முன் ஊசியக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹோட்டலின் இரும்புக் கதவில் நின்று சரக்கைப் பார்த்து வாங்குகிற அம்மாள் அவர். ஊசி முனை வைத்த தெர்மாமீட்டர் ஒன்று எந்நேரமும் கையில் இருக்கும். வருகிற பெட்டி ஒவ்வொன்றையும் திறந்து, ஒரு குத்து. எண்ணைப் பார்ப்பார், எழுதுவார், அடுத்த பெட்டி. மைனஸ் பதினெட்டு டிகிரிக்கு மேலே ஏறியிருந்தால் முகத்தைப் பார்க்காமல் திருப்பிவிடுவார். பொண்ணு பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்கள் என்று டிரைவர்கள் மேடையில் உட்கார்ந்து கரித்துக்கொட்டுவார்கள். அதில் நம்மவர் குரல் கொஞ்சம் உரக்கவே கேட்கும்.

இன்று காலை பாலத்தின் மேல் ஏதோ விபத்து. வண்டிகள் எறும்பு போல ஊர்ந்தன. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான், பின்னால் ஃப்ரீசர் மோட்டாரின் சத்தமே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. இறங்கி ஓடிப்போய்த் தட்டினார், உதைத்தார், கும்பிடாத குறை. மோட்டார் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. மாலுக்கு வந்து சேர்ந்தபோது வண்டியின் முகப்பில் எண் சரியாக மைனஸ் பதினெட்டு காட்டியது. ஆனால் அது காற்றின் குளிர். உள்ளே ஆழத்தில் இருந்த மீனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது; கதவோரத்தில் அடுக்கியிருந்த இறால் பெட்டிகளுக்குள் என்ன குளிர் என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் சரக்கைத் திருப்புவார்கள். கிடங்குக்குப் போய் விளக்கம் எழுதி, வேறு லோடு ஏற்றி வருவதற்குள் சாயங்காலம் போய்விடும். இன்று கல்யாண நாள். இந்த ஹோட்டலுக்கு அழைத்துப்போகிறேன் என்று சொல்லி, லோடு லோடு என்றே மூன்று வருஷம் தள்ளிப்போட்டாயிற்று. வீட்டில் நான்காவது தடவை இந்த முகத்தை எப்படிக் காட்டுவது? கதவில் ஊசியக்காவும் இல்லை. பஸ் தாமதமாம். ஒரு சமையற்காரர் அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். டிரைவர் வாயைத் திறக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பரிமாறுகிறவர் வந்து, "என்ன கொண்டு வரட்டும்?" என்றார்.

"இறால் தட்டு!" என்றாள் மகள், பட்டியலைப் பிரிக்காமலே. பிறந்ததிலிருந்து அப்பாவின் வண்டிப் பக்கவாட்டில் அவள் பார்த்து வளர்ந்த படம் அது.

"இறால் வேணாம்" என்றார் டிரைவர்.

"ஏன்பா?"

"மீன் சொல்லு. மீன்தான் இங்க பிரமாதம்."

"மீனை நாங்க சாப்பிடறோம். அவ ஆசைப்படறத அவ சாப்பிடட்டுமே" என்றாள் மனைவி.

"அது… உடம்புக்குச் சூடு."

மனைவி அவரைப் பார்த்தாள். பதினான்கு வருஷம் கூட வாழ்ந்தவளுக்குப் புருஷன் திருதிருவென்று விழிப்பதற்கு அர்த்தம் தெரியாதா? ஆனால் பரிமாறுகிறவர் எதிரில் ஒன்றும் கேட்கவில்லை. மீன் சொன்னார்கள். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

தன் பிள்ளையைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி டிரைவருக்கு ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. பக்கத்து மேசையில் ஓர் இளம் தம்பதி. அந்தப் பெண்ணுக்கு நிறைமாதம். வயிறு இடிக்காமல் இருக்க நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் ஆவி பறக்க வந்து இறங்கியது இறால் தட்டு. "இதுக்காகவே ஒரு வாரமா ஏங்கினேன்" என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டே எலுமிச்சையைப் பிழிந்தாள்.

டிரைவர் எழுந்தார். "அம்மா, கொஞ்சம் இருங்க, அதைச் சாப்பிடாதீங்க" என்றார். அவள் முள்கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி பார்த்தாள். "ஒரே நிமிஷம். நான் கேட்டுட்டு வந்துடறேன்." என்ன ஏது என்று யாரும் கேட்பதற்குள், 'ஊழியர் மட்டும்' என்று எழுதியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். முன்பக்கத்தில் வழி தெரியாமல் முழித்தவருக்கு இங்கே ஒரு திருப்பம்கூடத் தப்பவில்லை.

ஊசியக்கா ஸ்டோர் ரூம் வாசலில் உட்கார்ந்து மறுநாளைக்கான பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, காலையில வந்த இறாலை நிறுத்துங்க. வெளியில ஒரு புள்ளத்தாய்ச்சி சாப்பிடப் போறாங்க. வழியில மோட்டார் நின்னுபோச்சு. ஒன்றரை மணி நேரம். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இறக்கிட்டுப் போனேன்."

ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். ஊசியக்கா எழுந்திருக்கவில்லை. பேனாவால் மூலையைக் காட்டினார். அங்கே இரண்டு இறால் பெட்டிகள், சிவப்பு நாடா சுற்றித் தனியாகக் கிடந்தன.

"நீங்க போன பத்தாவது நிமிஷம் நான் வந்துட்டேன். கையெழுத்து யாரு போட்டாலும் நான் குத்தாம எதுவும் உள்ள போகாது, தம்பி. வெளியில போறது முந்தாநாள் சரக்கு. தைரியமா சாப்பிடச் சொல்லுங்க."

டிரைவர் பக்கத்தில் இருந்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தார். ஊசியக்கா ஒரு தாளை எடுத்து நீட்டினார். பெட்டி எண், குளிர், நேரம் எல்லாம் முத்து முத்தான எழுத்தில் நிரப்பியிருந்தது. 'காரணம்' என்ற இடம் மட்டும் காலி.

"எழுதுங்க."

அவர் எழுதினார். குளிர் மோட்டார் ஒன்றரை மணி நேரம் நின்றது. எனக்குத் தெரியும். சொல்லவில்லை. கீழே கையெழுத்தும் போட்டார்.

"நாளைக்கு இது உங்க கிடங்குக்குப் போகும். அவங்க என்ன முடிவு எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."

"அனுப்புங்கக்கா" என்றார்.

திரும்பி வந்து நிறைமாதப் பெண்ணிடம், "நல்ல இறால்மா, நல்லா சாப்பிடுங்க. நான்தான் குழப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு மனைவியிடம், மகள் காது கேட்கவே, ஒன்று விடாமல் சொன்னார். மோட்டார், பாலம், சமையற்காரரின் கையெழுத்து, தாள்.

மனைவி தண்ணீர்த் தம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"நாலாவது தடவையும் தள்ளிப்போயிருந்தா நான் கோவிச்சுக்கிட்டிருப்பேன்" என்றாள். "ரெண்டு நாள் பேசியிருக்க மாட்டேன். அவ்வளவுதானேங்க? என் கோவத்துக்காகவா இப்படிச் செஞ்சீங்க?"

நல்லவேளையாக மீன் வந்தது. அதன் பின்னாலேயே, அவர்கள் கேட்காத ஓர் இறால் தட்டும் வந்தது. அதைக் கொண்டுவந்தது ஊசியக்கா. மேசையில் வைத்தவுடன் சட்டைப் பையிலிருந்து ஊசியை எடுத்துத் துடைத்து, பெரிய இறாலாகப் பார்த்து ஒரு குத்துக் குத்தி, எண்ணை மகளிடம் காட்டினார்.

"எழுபதைத் தாண்டியிருந்தா நல்லா வெந்துடுச்சுன்னு அர்த்தம். சரியா இருக்கா?"

"எழுபத்தி நாலு" என்றாள் மகள், கண் விரிய. கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "எங்க அப்பா பெட்டியையும் இதாலதான் குத்தினீங்களா?"

"இதாலயும் குத்தினேன். இன்னைக்கு உங்கப்பா பெட்டிக்கு மட்டும் மூணு ஊசி மாத்தினேன்."

"எதுக்கு மூணு?"

"முதல் ஊசி மைனஸ் அஞ்சுன்னு காட்டிச்சு. ஊசி கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். ஐஸ் தண்ணியில வெச்சுப் பாத்தா சரியாத்தான் இருக்கு. அப்பவும் மனசு கேக்கல, வேற எடுத்தேன். அதுவும் அதையே சொல்லிச்சு. கடைசியா மேனேஜர் ரூம்லேருந்து புதுசா ஒண்ணைப் பிரிச்சேன்." ஊசியக்கா மகளிடம்தான் பேசினார்; டிரைவர் பக்கம் திரும்பவில்லை. "பதினோரு வருஷம்மா. உங்கப்பா பெட்டி ஒண்ணுகூட இளகி வந்ததில்ல. அதான் ஊசி மேல சந்தேகப்பட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இது நேராக உள்ளே போய்த் தைத்தது. டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். தட்டு மங்கலாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் மேடையில் உட்கார்ந்து இந்த அம்மாளைக் கரித்துக்கொட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

"ஆறிடும், சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு ஊசியக்கா போய்விட்டார்.

மனைவி ஓர் இறாலை உரித்து அவர் தட்டில் வைத்தாள். அவர் வாயில் போட்டுக்கொண்டார். பதினோரு வருஷமாகச் சுமந்துவந்த பொருளின் ருசி இதுதானா என்று மலைத்துப்போனார்.

"நாளைக்கும் ஒவ்வொரு பெட்டியாக் குத்துவாங்களாப்பா?" என்றாள் மகள்.

"குத்துவாங்க" என்றார் டிரைவர். "அவங்க மறந்தாலும் நான் விடமாட்டேன். குத்தச் சொல்லி நின்னு பாத்துட்டுத்தான் வண்டியை எடுப்பேன்."