மோனிகா எனக்கு மூத்தவள் அல்ல

அந்த பேனரைக் கட்டியவன் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். பாவம், கூலிக்குக் கட்டியவன். ஆனாலும் நினைத்தேன். எங்கள் தெருமுனைக் கரண்ட் கம்பத்தில், பின்னால் இருந்த மலையையே மறைத்துக்கொண்டு தொங்கியது அது. நடுவில் மோனிகா. முகத்தை வெளுத்து, கன்னத்து மச்சத்தை அழித்து, தலையில் கிரீடமும் வைத்திருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில், 'பதினெட்டாம் பிறந்தநாள் காணும் எங்கள் இளவரசியே!'

பதினெட்டாமே, பதினெட்டு! எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. என் பெயர் மாஹிரா. எனக்குப் பதினாறு வயது. மோனிகா எதிர் வீட்டுப் பெண். நாங்கள் இரண்டு பேரும் 2008 நவம்பர் ஒன்பதாம் தேதி, ஒரே ஆஸ்பத்திரியில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் பிறந்தவர்கள். எனக்குப் பதினாறு என்றால் அவளுக்கு மட்டும் எப்படிப் பதினெட்டு ஆகும்? அவள் என்ன வருஷத்துக்கு இரண்டு தடவை வளர்ந்தாளா?

எல்லாம் அவள் நைனா அன்புமணி மாமா செய்த வேலை. அவர் நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறவர். மோனிகாவின் அம்மா வளர்மதி அத்தையும் கூலிக்குப் போவாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று நாலரை வயதிலேயே ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டார். ஹெட்மாஸ்டர் வயது கேட்டிருக்கிறார். ஐந்து என்று புளுகியிருந்தால்கூடப் போதும். மாமா எதற்கும் இருக்கட்டும் என்று ஆறு என்று சொல்லிவிட்டார். ஹெட்மாஸ்டரும் கணக்குப் போட்டு 2007 ஜூன் மூன்று என்று எழுதிவிட்டார். தேதி தெரியாத பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் ஜூன் மூன்றுதான் போடுவார். பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் பாதி வகுப்பு கலர் டிரஸ் போட்டுக்கொண்டு மீதி வகுப்புக்கு மிட்டாய் கொடுக்கும். நான் ஒழுங்காக அடுத்த வருஷம் சேர்ந்தேன். என்னோடு ஒரே நாளில் பிறந்தவளை நான் பள்ளிக்கூடத்தில் அக்கா என்று கூப்பிட வேண்டும் என்றார்கள். நான் கூப்பிடவே இல்லை, அதற்காக இரண்டு முறை அடி வாங்கியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் பிறந்தநாள் கொண்டாடுகிற பழக்கம் கிடையாது. கேக், மெழுகுவர்த்தி, பலூன் ஒன்றும் வராது. அதில் அத்தா கறார். சின்ன வயதில் அழுது புரண்டிருக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நவம்பர் ஒன்பதாம் தேதி அன்று மட்டும் அம்மா சேமியா பாயசம் வைப்பாள். "இன்னாம்மா விசேஷம்?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, பாலு மிச்சமா இருந்துச்சு" என்பாள். வருஷா வருஷம் அதே தேதியில் எங்கள் வீட்டில் பால் மிச்சமாகிவிடும். ஒரு தூக்கு பாயசம் எதிர் வீட்டுக்கும் போகும்.

இந்த வருஷம் மோனிகா பிளஸ் டூவில் நல்ல மார்க். அரசுக் கல்லூரியில் கணக்குப் பாடம் கேட்டிருந்தாள். ஜூன் ஆறாம் தேதி கவுன்சிலிங்குக்கு வரச்சொல்லி நைனாவின் போனுக்கு மெசேஜ் வந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏற்கெனவே தன் அக்கா விருத்தாம்பாளின் மகன் பிரசாந்துக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டதாம். அவனுக்கு இருபத்தெட்டு வயது, ஏதோ கம்பெனியில் வேலை. ஆவணியில் கல்யாணம். நாளைக்கு எவனும் வந்து வயது கேட்டுவிடக் கூடாது என்றுதான் பதினெட்டாவது பிறந்தநாளை ஊருக்கே சொல்லி இந்த ஆர்ப்பாட்டம்.

நான் சும்மா இருக்கவில்லை. மாமாவிடம் நேராகவே போய்க் கேட்டேன்.

"மாமா, மோனிக்கு பதினாறுதானே ஆவுது?"

அவர் சிரித்துக்கொண்டே பீரோவிலிருந்து பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டை எடுத்து நீட்டினார். லேமினேஷன் போட்டு வைத்திருந்தார்.

"படிச்ச புள்ளதானே? படிச்சுப் பாரு. கவர்மெண்டே சொல்லுது, நீ யாரு கேக்கறதுக்கு?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எந்த அதிகாரி வந்தாலும் இந்தக் காகிதத்தைத்தானே கேட்பார்? பிறப்புச் சான்றிதழில் பெயரே எழுதவில்லை, அதுவும் மழையில் நனைந்து போய்விட்டதாம். நாலரை வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொன்ன ஒரு பொய், பன்னிரண்டு வருஷம் கழித்து அவள் கழுத்துக்கே வருகிறது.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் மோனிகாவிடம் கேட்டேன்.

"அத்த இன்னாடி சொல்றாங்க?"

"அம்மா வாயே தொறக்கல மாஹி. நைனா சொன்னா சரின்னு இருக்குறாங்க. எனக்கு அந்த ஆறாந்தேதிதான் கண்ணுலயே நிக்குது."

உண்மையைச் சொல்லட்டுமா? மாமா மேல் வந்ததைவிட அத்தை மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம் வந்தது. வலியெடுத்துப் பெற்றவளுக்குத் தெரியாதா, என்றைக்குப் பெற்றோம் என்று?

வீட்டில் அம்மாவிடம் போய்க் கத்தினேன். "அடுத்தவங்க வூட்டு விஷயம், நமக்கெதுக்கு வம்பு?" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அன்று அவளும் எனக்கு ஆகாதவள் ஆகிவிட்டாள்.

ஜூன் மூன்றாம் தேதி. பஸ் ஸ்டாண்ட் பேக்கரியில் சொல்லி வைத்த கேக்கை வாங்கி வர மாமா என்னைத்தான் அனுப்பினார். கூடவே ஒன்று, எட்டு என்று எண் போட்ட மெழுகுவர்த்தியும் வாங்கி வரச் சொன்னார். கடைக்கார அக்கா, "பதினெட்டா?" என்று எடுத்து வைத்தாள்.

"எட்டு வேணாம்க்கா. ஆறு குடுங்க."

திரும்பி வந்ததும் முதலில் உள்ளறைக்குப் போய் மோனிகாவிடம் அந்த ஆறைக் காட்டினேன். பட்டுப்பாவாடையும் தலை நிறைய மல்லியுமாக உட்கார்ந்திருந்தாள். அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"நட்டுடு" என்றாள்.

கூடத்தில் சொந்தக்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். விருத்தாம்பாள் நாற்காலியில், பக்கத்தில் புதுச் சட்டையில் பிரசாந்த். நான் கேக்கில் ஒன்றையும் ஆறையும் நட்டேன். வளர்மதி அத்தை ரிப்பன் கட்டிய கத்தியோடு வந்து நின்றாள். மாமாதான் முதலில் பார்த்தார்.

"இன்னா இது? எட்டு எங்க?"

"எட்டு கெடையாது மாமா. ஆறுதான்."

"கடையில மாத்திக் குடுத்துட்டாங்களா?"

"நான்தான் கேட்டு வாங்குனேன். மோனிக்கு பதினாறு வயசு."

யாரோ சிரித்தார்கள். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வாய மூடு கழுத! உங்க வூட்ல பொறந்தநாளே கொண்டாட மாட்டீங்க. உனக்கின்னா தெரியும் பொறந்தநாளப் பத்தி?"

"கொண்டாட மாட்டோம்ணே. ஆனா நாளு தெரியும்."

குரல் வாசலிலிருந்து வந்தது. என் அம்மா ரஹமத். பிறந்தநாள் என்று எந்த வீட்டு வாசலையும் மிதித்திராதவள், சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். இவளையா ஆகாதவள் என்று நினைத்தேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

"அன்னிக்கு அடமழ. கரண்டு இல்ல. இவ பொறந்து அரமணி நேரத்துல உங்க மோனி பொறந்தா. நீங்க அனந்தபுரத்துல வேலையா இருந்தீங்க. எங்க வூட்டுக்காரருதான் நனைஞ்சுகினே சைக்கிள் மிதிச்சு வந்து உங்களாண்ட சொன்னாரு. மறந்துட்டீங்களாண்ணே?"

பிரசாந்த் எழுந்து நின்றான்.

"மாமா, இன்னா சொல்றாங்க இவங்க?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள. சர்ட்டிபிகேட்டு பக்காவா இருக்குது. தோ, எடுத்தாரேன்."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வளர்மதி அத்தை பக்கம் திரும்பினேன்.

"சர்ட்டிபிகேட்ட விடுங்க அத்த. மோனிய ஹெட்மாஸ்டரா பெத்தாரு? நீங்கதானே பெத்தீங்க? என்னிக்குப் பெத்தீங்கன்னு சொல்லுங்க!"

கூடமே அத்தையைப் பார்த்தது.

"வளரு, நீ உள்ள போ" என்றார் மாமா.

அத்தை போகவில்லை. மோனிகாவைப் பார்த்தாள். பிறகு என் அம்மாவைப் பார்த்தாள்.

"நவம்பரு ஒம்போது" என்றாள். "ரெண்டாயிரத்து எட்டு."

"ஏய்!"

"நீ சும்மா இருய்யா. உன்ன கட்டிக்கும்போது எனக்கும் பதினாறுதான். என்னாண்டயும் ஒரு சர்ட்டிபிகேட்டு இருந்துச்சு, பதினெட்டுன்னு. அன்னிக்கு என்ன ஒருத்தராவது கேட்டாங்களா, உனக்கு எத்தினி வயசுடின்னு?"

விருத்தாம்பாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிரசாந்த் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"வாம்மா போலாம். கேசு கீசு ஆச்சுன்னா கம்பெனில தூக்கிருவாங்க."

அவ்வளவுதான். பெரிய மனிதன்! மோனிகாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அவன் வேலையைப் பற்றித்தான் கவலை. போகட்டும், எந்தக் காரணத்துக்காவது போனானே. அவர்கள் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு மாமாவும் வெளியே போனார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். கேக்கைப் பார்த்து நின்ற குழந்தைகள் மட்டும் நகரவில்லை.

நான் தீப்பெட்டியை எடுத்தேன். அத்தை என் கையைத் தடுத்தாள்.

"எதுக்கு? இன்னிக்கு அவ பொறந்த நாளே இல்லியே."

கேக்கிலிருந்து இரண்டு மெழுகுவர்த்திகளையும் பிடுங்கி ஓரமாக வைத்தாள். பாட்டு, கைத்தட்டல் எதுவும் இல்லாமல் கேக்கைத் துண்டு துண்டாக வெட்டிக் குழந்தைகள் கையில் கொடுத்தாள். என் அம்மா தட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். மோனிகா சுவரோரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்ததும் அத்தை கத்தியில் ஒட்டிய கிரீமை முந்தானையில் துடைத்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

"ஏண்டி, ஆறாந்தேதி காலையில மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு?"