ஏழும் ஏறும்

மகள், மருமகன், மருமகனின் அக்கா, மேசைக்கு அந்தப் பக்கம் விடுதிப் பெண், பிறகு இவள்... ஆக ஐந்து பேர், ஆனால் பேச்சு நாலு பேருக்குள்தான், இவள் பெட்டிகளோடு சேர்த்தி, பெட்டிக்காவது சக்கரம் இருக்கிறது. விடுமுறைக் கூட்டம் நெரிகிறது, காதில் செருகிய மெஷினுக்கு நல்லது கெட்டது தெரியாது, சக்கரம் உருள்வதையும் எவனோ தும்முவதையும் அள்ளிக் கொட்டுகிறது, வேண்டிய பேச்சை மட்டும் குழைத்துவிடுகிறது. விடுதிப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசுகிறாள், பக்கவாட்டில் பாதி வாய்தான் தெரியும், பாதி வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஏதோ கேட்டாள், இவளைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள், அது நிச்சயம். மகள் வேண்டாம் என்று தலையாட்டினாள். என்னடி கேக்கறா என்றதற்கு, "ஒண்ணுமில்லம்மா." இந்த ஒரு சொல்லை மட்டும் எத்தனை தூரத்திலிருந்தும் படித்துவிடுவாள், உதடு குவியும், ஒட்டும், பிரியும், தீர்ந்தது. வரும் வழியில் பஸ் அரை மணி நேரம் நின்றது, எல்லோரும் இறங்கினார்கள், ஏன் என்றால் ஒண்ணுமில்ல. அந்த அக்காக்காரி ஏதோ சொல்லி மருமகன் கண்ணில் நீர் வரச் சிரித்தான், என்ன என்றால் ஒண்ணுமில்ல... ஒன்றுமில்லாததற்கா மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்?

இந்தப் பயணத்துக்கு இவள் கேட்டது ஒன்றே ஒன்று. தனி அறை, உள்ளே தாழ் போட்டுக்கொள்ள வேண்டும். மகள் வீட்டுக்கு வந்து மூன்று வருடம், ஒரு கதவுக்கும் தாழ் போட்டதில்லை, குளியலறைக்கும்தான், தட்டினால் கேட்காது, விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்று மகள் தாழ்ப்பாளையே கழற்றிவிட்டாள். கதவைப் பார்த்தபடி குளிக்கிறவளுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும்... ஒரு நாள் மருமகன் திறந்துவிட்டான், அவன் மேல் தப்பில்லை, இருந்தாலும் சோப்பு நுரையோடு நின்ற அந்த நிற்பு... சரி, விடு. நாலு நாளைக்குத் தனி அறை என்று மகள் ஒத்துக்கொண்டிருந்தாள், அதை நினைத்துத்தான் பெட்டி கட்டினாள், கடலாவது மலையாவது, இவளுக்கு வேண்டியது ஒரு தாழ்ப்பாள்.

சாவி வந்தது, மகள் அதைத் தூக்கிக் காட்டி வாயசைத்தாள், ஏறும்மா. எதிரே லிப்ட் திறந்திருந்தது, ஏறினாள். கதவு மூடிய பிறகுதான் பார்த்தாள், யாருமே கூட வரவில்லை, முன்பின் தெரியாத நாலு முதுகுகள், அவர்கள் இறங்கிய இடத்தில் இவளும் இறங்கினாள், நீளமான நடை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள், யாரைக் கேட்பது, கேட்டால் பதிலை எப்படிப் பிடிப்பது, மூச்சிரைக்கப் படியிறங்கி மூன்றாம் மாடிக்கு வந்தபோது மகள் எதிரே ஏறி வந்தாள், முகம் சிவந்து. "கூப்பிடக் கூப்பிடப் போயிட்டே இருக்கியேம்மா." நீதானே ஏறுன்னே என்றாள் இவள். "ஏழும்மான்னேன். ரூம் நம்பர் ஏழு. கீழதான் இருக்கு." ஏழு, ஏறு... நாக்கு உள்ளே என்ன கூத்து வேண்டுமானாலும் ஆடட்டும், வெளியே உதட்டில் இரண்டும் ஒன்றுதானே. மில்லில் இந்தத் தப்பு நடக்காது. இருபத்தாறு வருடம் நூல் மெஷின் இரைச்சலில் பெண்கள் எல்லோரும் வாயசைப்பில்தான் பேசினார்கள், மேஸ்திரியை நேருக்கு நேர் நின்று தவக்களை என்பார்கள், ஏதோ மெல்லுகிறார்கள் என்று அவன் போய்விடுவான், ஆனால் எண்ணை மட்டும் ஒருத்தியும் வாயால் சொல்ல மாட்டாள், விரலைக் காட்டுவாள். அந்த இரைச்சல்தான் காதைத் தின்றது, அந்த இரைச்சல்தான் உதட்டைப் படிக்கவும் கற்றுக்கொடுத்தது, எதைச் சொல்லி யாரை நோக? மகளிடம் இரண்டு கையிலும் பத்து விரல் இருக்கிறது, ஒன்றைக்கூட நீட்டவில்லை.

கீழே வந்தால் அக்காக்காரி வாயெல்லாம் பல். "நாங்க இங்க அலையறோம், அத்தை மேல ஒரு ரவுண்டு பாத்துட்டே வந்துட்டாங்க." இதை மட்டும் எவ்வளவு தெளிவாகச் சொல்கிறாள். மகள் சிரிக்கவில்லை. "தனி ரூம் வேணாம்மா. எங்க ரூம்லயே படுத்துக்க," என்றாள், சாவியைத் திருப்பிக் கொடுக்க மேசைப் பக்கம் நடந்தாள். அவ்வளவுதானா? ஒரு எழுத்துக்காகவா? இவள் முந்திக்கொண்டு போய் மேசையில் கையை வைத்தாள். "அப்ப என்னப் பாத்து ஏதோ கேட்டியே. இப்ப என் மூஞ்சியப் பாத்துக் கேளும்மா." விடுதிப் பெண் ஒரு கணம் மகளைப் பார்த்தாள், பிறகு எழுந்து நின்று, முழு வாயும் தெரிய, அவசரமில்லாமல் சொன்னாள், "கதவு விளக்கு போட்டுத் தரட்டுமான்னு கேட்டேம்மா. வெளிய பட்டனை அழுத்தினா உள்ள கட்டில் பக்கம் விளக்கு மின்னும். காது கேக்காதவங்களுக்குன்னு அந்த ரூம்ல மட்டும் இருக்கு." பிறகு விரல்களை விரித்தாள், ஐந்தும் இரண்டும். இவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "இதுதான் ஒண்ணுமில்லையா?" மகள் தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள், உனக்கு எதுக்கு என்பது வரை படிக்க முடிந்தது, மீதி தரைக்குப் போயிற்று. மகள் மேசையில் வைத்த சாவியை இவளே எடுத்துக்கொண்டாள்.

ஏழாம் எண் அறை சின்னதுதான், ஒரு கட்டில், ஒரு நாற்காலி. மகள் வெளியே நின்று பட்டனை அழுத்தினாள், விளக்கு மூன்று தரம் மின்னியது, இவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகள் உள்ளே வந்து பெட்டியை ஓரமாக வைத்தாள், சுருங்காத விரிப்பை நீவினாள், தலையணையைத் தட்டினாள், பிறகு கிளம்பினாள், கதவைத் தாண்டும்போது முதுகைக் காட்டியபடி ஏதோ சொன்னாள், காதுக்குக் கீழே தாடை அசைந்தது தெரிந்தது. என்ன சொன்ன என்று கேட்க வாய் வந்தது... கேட்டால் வரும் பதில் தெரியாதா? மகளுக்கு எங்கிருந்து வந்தது அந்தச் சொல்? மில்லிலிருந்து தலை நிறைய இரைச்சலோடு வந்து இவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், ஏம்மா அழற என்று முந்தானையை இழுக்கும் அந்த நாலு வயசு, முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கும், இவள் வாயையே பார்த்துக்கொண்டு... ஒண்ணுமில்ல, போய் விளையாடு. எத்தனை தரம் சொல்லியிருப்பாள், ஆயிரமா? மகள் நடைவழியில் நாலு எட்டுப் போய்விட்டாள், கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் முகம் தெரியும். இவள் கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் குழிக்குள் இறங்குவது விரல் நுனியில் தெரிந்தது, சாவியையும் இரண்டு சுற்று சுற்றிப் பூட்டினாள்.