கோட்டு போட்ட படம்

வஹாப் பாயின் மளிகைக் கடையில், கல்லாவுக்கு மேலே மகன் ஆஸிமின் படம் தொங்கியது. கறுப்புக் கோட்டு, சிவப்பு டை, பின்னால் நீல வானம்.

"வெளிநாட்டு ஹோட்டல்ல சமையல் வேலைக்குப் போனான், வக்கீலம்மா. அங்க நடக்குற போர்ல, எம்புள்ளையப் போயி சண்டைக்காரன்னு எதிரி நாட்டுக்காரனுவ புடிச்சு வச்சிருக்கானுவ. சமையக்காரன்னு எழுதிக் குடுங்க, விட்டுருவானுவ" என்றார் பாய்.

மலர்க்கொடி திருத்துறைப்பூண்டி கோர்ட்டிலிருந்து நேராக வந்திருந்தாள். படத்தை உற்றுப் பார்த்தாள். கோட்டுக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே பச்சையாக ஒரு கீற்று.

"இது ஸ்டுடியோக்காரன் மாட்டுன கோட்டு, பாய். உள்ள என்ன இருந்துச்சு?"

அவர் மனைவி ஆமினாதான் சொன்னாள். "பட்டாளத்து உடுப்பு. கையில துப்பாக்கி. சமையல் வேலைன்னுதான் ஏஜெண்டு அனுப்புனான். அங்க போனதும் கையெழுத்து வாங்கிக்கிட்டு உடுப்ப மாட்டி விட்டுட்டானுவ. பொண்ணு பாக்குற நேரத்துல அந்தப் படத்த எப்புடிக் காட்டுறது? ஸ்டுடியோ ஜாஃபர் தம்பிகிட்ட குடுத்து மாத்துனேன். போன்ல இருந்ததையும் அழிச்சிட்டேன்."

"நல்லா கெடுத்தீங்க, போங்க. புடிச்சவங்க கேசே, இவன் கூலிக்குச் சுட வந்தவன்கிறதுதான். அது நின்னுச்சுன்னா ஜெயிலு. இவன் போன நாட்டு ராணுவத்துல பேரு உள்ளவன்னு காட்டிட்டா போர்க் கைதி. சண்டை போட்டதுக்காக மட்டும் தண்டிக்க முடியாது. போர் முடிஞ்சா திருப்பி அனுப்பணும். ஜெனீவா ஒப்பந்தம் அப்படி. தோளுல பட்டையும் நம்பரும் தெரிஞ்சா அந்தப் படம்தான் சாட்சி."

"சமைக்கப் போனவனுக்கு இல்லாத பாதுகாப்பு, துப்பாக்கி எடுத்தவனுக்கா?"

"சமையக்காரன்னு காட்ட நம்மகிட்ட என்ன இருக்கு, பாய்?"

மலர்க்கொடிக்கு இது புதிதல்ல. அவள் அப்பா மருதையன் அரவை மில்லில் மூட்டை சரிந்து இடுப்பொடிந்து கிடந்தபோது, எங்கள் ஆளே இல்லை என்று மில்லில் கைவிரித்தார்கள். சட்டம் முதலில் வலியைக் கேட்பதில்லை. யாருடைய ஆள் என்றுதான் கேட்கிறது.

மூவரும் ஜாஃபர் சாதிக்கின் ஸ்டுடியோவுக்குப் போனார்கள்.

"இருக்கும்" என்றான் அவன், கம்ப்யூட்டரைத் துழாவியபடி. "நிக்காஹ் முடியிற வரைக்கும் ஒரிஜினல அழிக்க மாட்டேன். பொண்ணு வீட்ல கோட்டு கலரு புடிக்கலன்னு திரும்ப வருவாங்க. ஒருத்தருக்கு நாலு கோட்டு மாத்தியிருக்கேன்."

படம் திறந்தது. இளைத்துப்போன ஆஸிம். துப்பாக்கி. தோளில் பட்டை, நெஞ்சில் நம்பர். நீல வானம் இருந்த இடத்தில் கூரை எரிந்து கரியாகிப்போன ஒரு வீடு. வாசலில் ஒரு சின்ன சைக்கிள்.

யாரும் நம்பரைப் பார்க்கவில்லை.

"வீட்ட மட்டும் வெட்டிரவா? ரெண்டு நிமிச வேலை" என்றான் ஜாஃபர்.

"தொடாதீங்க. ஒரு ஓரத்தத் தொட்டாலும் படம் பொய்னு தள்ளிருவாங்க."

"அந்த வீடு..." பாய் திரையை நோக்கிக் கை நீட்டினார். "இவனா கொளுத்துனான்?"

"தெரியல பாய். ஆனா கேப்பாங்க. உடுப்பு போட்டிருந்தான்கிறதுக்காக அதுக்கெல்லாம் மன்னிப்புக் கெடையாது. இவன் செஞ்சிருந்தா தண்டனைதான். அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் நான் படத்த அனுப்பணும். முடிவு உங்களுது."

பாய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வேணாம். வேற வழி பாக்கலாம்."

"வேற எந்த வழி? கோட்டு மாட்டுற வழியா?" ஆமினா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரைக்கு அருகே போனாள். மகனை விட்டு, அந்தச் சைக்கிளையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்படியே அனுப்புங்க, வக்கீலம்மா. அவன உசுரோட வச்சுக் கேக்கட்டும். அவன் சொல்றத நானும் கேக்கணும்."