இருபது கிலோ பாரம்

இவ்வளவுதானா இருபது கிலோ?

ஆஸ்பத்திரி எடை மெஷின் மேல் இடது காலை அழுத்தியபடி அவள் யோசித்தாள். முள் இருபதைத் தொட்டுவிட்டது. காலோ இன்னும் தரையைத் தடவிப் பார்ப்பது போலத்தான் இருக்கிறது. வீட்டில் இருபது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்படியென்றால் இத்தனை நாளும் வீட்டில் நான் அழுத்தியது எவ்வளவு?

"போதும், உக்காருங்க," என்றாள் பயிற்சி அறைப் பெண். "டாக்டர் எக்ஸ்ரே பாத்துட்டுக் கூப்பிடுவாரு."

விழுந்து எட்டு வாரம். பெண்களுக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள், ஜல்லி சிதறிக் கிடந்த வளைவில் தானே சறுக்கினாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு துண்டு. முதலில் பார்த்தவர்கள் காலையே எடுக்க நேரலாம் என்றார்கள். இந்த டாக்டர்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "காலை நான் பாத்துக்கறேன். நீ பயத்தை மட்டும் பாத்துக்கோ," என்றார். தகடு வைத்து எட்டுத் திருகுகள் போட்டார். பிறகு ஒரே கட்டளை: ஊன்றுகோலோடு நிற்கையில் அந்தக் காலில் இருபது கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது. காலுக்கு அது பழக, தினமும் எடை மெஷினில் அழுத்திப் பார்க்க வேண்டும்.

அக்கா வீட்டு மெஷினில் இருபதாம் கோட்டின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டாள். அதைத் தவிர வேறெதையும் அவள் பார்த்ததில்லை.

வராந்தா பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கூட வந்த அத்தான் வண்டியை நிறுத்தப் போயிருந்தார்.

"அக்கா, நம்ம மெஷின்ல முள்ளு எங்கேருந்து கிளம்புது?"

அக்கா கைப்பை ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "ஏன்டி?"

"சொல்லு."

"பூஜ்யத்துக்குப் பத்து முன்னாடி." குரல் உள்ளே போயிற்று. "நான்தான் திருகி வெச்சேன். உங்க அத்தான் வாராவாரம் என்னை ஏத்திவிட்டு, யானை இளைக்குதா, இளைக்குதான்னு எட்டிப் பாப்பாரே... நீ வர்றதுக்கு முன்னாடி பண்ணினது. மறந்தே போச்சுடி."

முப்பது கிலோ. அக்காவின் இளைப்பு முழுவதும் தன் எலும்பின் மேல் ஏறி நின்றிருக்கிறது. சிரிப்பு வந்தது.

இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் செருகியிருந்தார்.

"ஒரு திருகு வளைஞ்சிருக்கு. எலும்பும் கூடலை." பேனா முனையால் தொட்டுக் காட்டினார். "வேற யாராவதா இருந்தா, கூடுதலா ஊனிட்டாங்க, பாரத்தைக் குறைச்சுக் காத்திருந்து பாப்போம்னு விட்டுடுவேன். நீ சொன்னபடி செய்யற ஆளு. இருபதுக்கே வளையுதுன்னா நான் போட்டதுலதான் கோளாறு. மறுபடி தொறந்து, இடுப்புலேருந்து எலும்பு எடுத்து வெச்சுடலாம். வியாழக்கிழமை."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களை அழுத்திக்கொண்டார். வீட்டில் நடந்த தவறை அவர் தன் மேல் போட்டுக்கொள்வது அவளுக்குத் தாங்கவில்லை. உண்மையைச் சொன்னால் இனி இப்படி நம்புவாரா என்பதும் தெரியவில்லை.

அவர் கை கழுவத் திரும்பியதும் அக்கா காதருகே குனிந்தாள். "இப்ப ஆபரேஷனுக்குக் கையெழுத்தைப் போட்டுடுடி. அத்தான் கதவுக்கு வெளியவே நிக்கறாரு. நான் சாயங்காலம் டாக்டருக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிடறேன். சத்தியமா."

சொல்ல மாட்டாள். நாளை சொல்வாள், நாளை மறுநாள் சொல்வாள். இந்தக் கைகள்தான் எட்டு வாரமாய்த் தன்னைக் குளிப்பாட்டித் துடைத்துவிட்டவை. அதற்காக மறுபடி ஒரு கத்தியா?

நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டினாள். அக்கா பேனாவை அவள் விரல்களுக்குள் திணித்து, விடாமல் அழுத்திப் பிடித்தாள்.

அவள் அந்தப் பிடியை மெதுவாக விலக்கினாள். பேனாவைப் படிவத்தின் மேல் கிடத்தி, இரண்டையும் மேஜையின் மறுபக்கம் தள்ளினாள்.

"இல்லக்கா, போட மாட்டேன்," என்றாள், குரலை உயர்த்தாமல். "டாக்டர், கொஞ்சம் இப்படி உக்காருங்க."