இடப்பக்கம் நிற்கிறவர்

1

பக்கத்து வீட்டுப் போன் அடிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது.

என் வீட்டுக்காரர் ஏசுபாதம், பம்மலில் ஒரு தோல் தொழிற்சாலையில் மெக்கானிக். புது மெஷினைப் பழகிக்கொண்டு வர முதலாளி அவரை இத்தாலிக்கு அனுப்பியிருக்கிறார். போன வாரம் பேசியபோது, "ஞாயித்துக்கெழம மலைக்குப் போறேன் சரசு. திங்கக்கெழம சாயங்காலம் போன் பண்றேன்" என்றார். இன்று செவ்வாய் சாயங்காலம். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கே ராஜகோபாலன் சார் வீட்டுப் போன் ஒன்றுதான்.*

(* வெளிநாட்டு கால் என்றால் முதலில் ஆபரேட்டர்தான் இங்கிலீஷில் பேசுவாள். போன தடவை எல்லாவற்றுக்கும் "எஸ், எஸ்" என்றே சொல்லிவைத்தேன்.)

2

தொடக்கம் ஒன்று: "பனி மூடிய சிகரங்கள் பொன்னிறமாய்..."

அடித்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பச்சைமலையைத் தவிர நான் எந்த மலையைக் கண்டேன்?

தொடக்கம் இரண்டு: "அவர் பஸ்ஸிலிருந்து இறங்கினார்."

இது இருக்கட்டும். அவருக்கு வேலை பழக்குகிறவர்கள் எல்லோரிடமும் கார் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவரவர் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். "கார் இல்லாம மலைக்கு எப்படிங்க போவீங்க?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு காரு? பச்சமலைக்கு காரு வெச்சிகினா போறேன்? கொஞ்ச தூரம் ரயிலு, அப்பால பஸ்ஸு. பஸ்ஸு வுட்ற எடத்துலேந்தே நடக்கறதுக்குப் பாதை கீது. கல்லுல செவப்பும் வெள்ளையுமா பெயிண்ட் அட்ச்சி வெச்சிருக்கான். அதப் புட்சிகினே போயிட்டு, சாயங்காலம் பஸ்ஸுல கீழ எறங்கிட வேண்டியதுதான். ஒரே பஸ்ஸுதான் கீது."

"அத வுட்டுட்டா?"

"மொதல்ல வாயக் கழுவு" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

3

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. மனைவியாகச் சொல்லவில்லை, எழுதுகிறவளாகச் சொல்கிறேன். (சரி, மனைவியாகவும்தான்.)

இந்த மனுஷர் இத்தாலி போன புதிதில் பஸ்ஸுக்காக ரோட்டின் இடப்பக்கம் போய் நின்றிருக்கிறார். அங்கே வண்டியெல்லாம் வலப்பக்கம் போகுமாம். பஸ் எதிர்ப்பக்கத்தில் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயேவிட்டது. "தாம்பரம் பழக்கம் காலை வுட்டுப் போவ மாட்டேங்குது" என்று போனில் ஒரே சிரிப்பு. அது டவுன், கொஞ்ச நேரத்தில் அடுத்த பஸ் வந்தது. மலையில்?

4

முடிவு அ: பஸ் எதிர்ப்பக்கமாகப் போய்விடுகிறது. சூரியன் இறங்குகிறது. ரோட்டில் ஒரு ஜீவன் இல்லை. அவர் போட்டிருப்பது மார்க்கெட் ரோட்டில் நான் வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டர். நவம்பர் மாதக் குளிரில் அது...

வேண்டாம்.

முடிவு ஆ: பஸ் இறங்கி வருகிறது. தப்பான பக்கம் நிற்கிறோம் என்று அப்போதுதான் உறைக்கிறது. தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கிற மாதிரி கையைக் காட்டிக்கொண்டே ஓடுகிறார். முதலில் வலப்பக்கம் பார்க்கிறார். நம் ஊரில் அப்படித்தானே பார்ப்போம்? இடப்பக்கமிருந்து ஒரு கார்

இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். என் கதைகளில் கடைசியில் யாராவது செத்துப்போவார்கள். பத்திரிகைக்காரர்களுக்கு அது பிடிக்கும். அவருக்குத்தான் பிடிக்காது. "ஏம்மே, ஒருத்தனையாச்சும் உசுரோட வூட்டுக்கு அனுப்பேன்" என்பார்.

அனுப்பத்தான் பார்க்கிறேன். முடிவு இ என்று போட்டு, அவரைப் பஸ்ஸில் ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைத்தேன். படித்துப் பார்த்தால் பச்சைப் பொய் மாதிரி இருக்கிறது. சாவு மட்டும் நிஜம் மாதிரி வந்து விழுகிறது. பாழாய்ப்போன கை!

5

"சரசு! ஓடி வா, வெளிநாட்டு கால்!"

ராஜகோபாலன் சார் வீட்டு மாமி மதில் மேல் தலையை நீட்டிக் கூப்பிடுகிறார்.

"அவருதானா மாமி?"

"தெரியலையேம்மா. யாரோ ஆம்பளை இங்கிலீஷ்ல பேசறார். உன் பேரைச் சொல்லிக் கேட்டார். லைன்லயே இருக்கார், சீக்கிரம் வா!"

ஆபரேட்டராக இருக்கும். போன தடவை பேசியது பெண். அந்த வேலையில் ஆண்களும் இருப்பார்கள்தானே? இருப்பார்கள். இருக்க வேண்டும், கர்த்தரே.

இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். செருப்பில் ஒன்றுதான் அகப்படுகிறது. மாமி மறுபடியும் கூப்பிடுகிறார்.

கதையில் அவர் இன்னும் ரோட்டின் இடப்பக்கம்தான் நிற்கிறார். பஸ் சத்தம் கேட்டுவிட்டது. ஒரு காலை எடுத்து வைக்கப் பார்க்கிறார். இனி நான் எழுதினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் போனை எடுக்கப் போகிறேன். திரும்பி வரும்வரை அவர் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருங்கள்.