வெளுக்கக் கூடாத கற்கள்

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஒரு கிழட்டு மீன்.

எங்களுடையது சலவைக்கடை. கீழே கடை, மேலே வீடு. கறை எடுப்பதும் வெளுப்பதும் என் பாடு. இஸ்திரி போடுவதும் துணியைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர் பாடு. தெருக்கோடி மருந்துக்கடைக்கு வாரம் ஒருமுறை வெள்ளைக் கோட்டுகளைக் கொண்டுபோவார். பத்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகும். என்னதான் நடக்கிறது என்று ஒருநாள் பின்னாலேயே போனேன். மருந்துக்கடைத் தம்பி வைத்திருந்த உப்புநீர்த் தொட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோமாளி மீன். பதினோரு வயதாம், ஒரு பக்கத் துடுப்பு கிழிந்திருந்தது. இவர் இடப்பக்கம் நகர்ந்தால் அதுவும் நகர்கிறது, வலப்பக்கம் போனால் அதுவும் வருகிறது. நான் கூப்பிட்டு இவர் இவ்வளவு வேகமாக ஒருநாளும் திரும்பியதில்லை.

அந்தத் தம்பிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. தொட்டியையும் மற்ற மீன்களையும் ஒரு பல் மருத்துவர் தன் வரவேற்பறைக்குக் கேட்டு வைத்துவிட்டார். துடுப்பு கிழிந்தது மட்டும் வேண்டாமாம், பார்க்க நன்றாக இருக்காதாம்.

"நீங்க வச்சுக்கறீங்களாண்ணே?" என்று தம்பி இவரிடம் கேட்டிருக்கிறார். "நான் கிளம்ப அஞ்சு வாரம் இருக்கு. அதுக்குள்ள உங்க தொட்டி தயாராகணும். இல்லேன்னா வளர்ப்பு மீன் விக்கற கடையிலதான் விடணும். இந்த வயசுல அந்தக் கூட்டத்துல தாங்காது."

அன்று இரவு சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே இவர் என்னிடம் கேட்டார். நான் என்ன கல் நெஞ்சுக்காரியா, சரி என்றேன்.

கூடத்துச் சுவரோரம் தொட்டி வந்தது. ரசமட்டம் வைத்து, அட்டைத் துண்டு சொருகி, மேசையைச் சரிசெய்யவே ஒரு ஞாயிறு போனது. சுத்திகரித்த தண்ணீரை வாளி வாளியாகப் பிடித்து, கடலுப்புப் பொடியைக் கரைத்து, துணி கலக்குகிற என் கட்டையாலேயே கலக்கினார். ஒரு துளி எடுத்துக் கருவியில் விட்டு வெளிச்சத்தில் பார்ப்பார், இன்னும் ஒரு கைப்பிடி போடுவார், மறுபடி பார்ப்பார். என் சமையலுக்கு இவ்வளவு பார்த்து உப்புப் போட்டிருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். ஹீட்டர், பம்பு, ஸ்பாஞ்சு வைத்த ஃபில்டர், வெள்ளை மணல், ஓட்டை ஓட்டையாக ஆறு கற்கள். எல்லாம் ஆயிற்று. மீனைத்தான் காணோம்.

"தண்ணி பழகணும்," என்றார். "நாலு வாரம் ஆகும்."

தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியை வெறும் தண்ணீரில் போடுவார். அது அழுகினால் அம்மோனியா வருமாம், அது மீனுக்கு விஷமாம், போகப்போகத் தானாகக் குறையுமாம். சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டால், விஷம் இருக்கிற வரை பச்சையாகும். என்றைக்கு மஞ்சளாகவே நிற்கிறதோ அன்றைக்குத் தொட்டி தயார். வெறும் தொட்டி முன்னால் இரண்டு நாற்காலியைப் போட்டு, "வா, உக்காரு," என்பார். "என்ன ஓடுது, படமா?" என்று கேட்டுக்கொண்டே உட்காருவேன். மூன்றாவது வாரம் குப்பி முதல்முறையாக மஞ்சளானது. மனுஷன் அன்று இஸ்திரி போடும்போது விசிலடித்தார்.

அதே வாரம்தான் கற்களின் மேல் பழுப்பாக ஏதோ படிந்தது. ஸ்பாஞ்சு சட்டைக் காலர் போல ஆகியிருந்தது. வருகிற விருந்தாளியை இந்த அழுக்கிலா வைப்பது? எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. இவர் இஸ்திரி மிஷினுக்கு உதிரி பாகம் வாங்க வெளியூர் போன அன்று, கையுறையை மாட்டிக்கொண்டு ஆறு கற்களையும் ஸ்பாஞ்சையும் எடுத்து ப்ளீச் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டேன். மூன்று தண்ணீர் அலசி, மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தேன். பளிச்சென்று இருந்தது. சாயங்காலம் வந்தவர் தொட்டியருகே குனிந்து ரொம்ப நேரம் நின்றார்.

"நல்லா வெள்ளையா இருக்கு," என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் குப்பி பச்சையானது. அடுத்த நாள் இன்னும் பச்சை. இவர் அதை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்து, "மஞ்சள் மாதிரிதான் தெரியுது," என்றார். நூறு வெள்ளைச் சட்டையில் எது யாருடையது என்று நிறத்தை வைத்தே சொல்கிறவள் நான். அது பச்சை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தலைவலி மாத்திரை வாங்கப் போன இடத்தில், பேச்சுவாக்கில் மருந்துக்கடைத் தம்பியிடம் கேட்டேன். "கல்லுல பழுப்பா படியுதே, அது என்ன தம்பி?"

"படிஞ்சா நல்லதுக்கா. தொட்டி உயிரோட இருக்குன்னு அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க கல்லுலயும் ஸ்பாஞ்சுலயும்தான் குடியிருக்கும். விஷத்தைத் தின்னு தண்ணிய சுத்தமா வைக்கறதே அதுங்கதான். தப்பித்தவறிக் கூட கழுவிடாதீங்க."

மாத்திரையை வாங்காமலே வந்துவிட்டேன்.

வீட்டில் இவர் குப்பியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். "ஏழு நாள்தான் இருக்கு. ஆகறதா தெரியல. நாளைக்குப் போய் மீன கடையிலயே விட்டுடச் சொல்லிடறேன். எனக்கு இதெல்லாம் கைவராது போல," என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

மறுநாள் மருந்துக்கடை ஷட்டர் தூக்கும்போதே போய் நின்றேன்.

"கல்லை நான்தான் தம்பி வெளுத்தேன். ஸ்பாஞ்சையும் சேத்து. ப்ளீச்சுல, அரை மணி நேரம்."

அவர் தலையில் கை வைத்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பதினோரு வருஷ அழுக்கு என்கிட்ட இருக்குக்கா. கொண்டு போங்க. டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன்." தொட்டியில் கைவிட்டு இரண்டு பழுப்புக் கற்களையும், கன்னங்கரேலென்ற ஒரு ஸ்பாஞ்சையும் வாளித் தண்ணீரில் போட்டுக் கொடுத்தார். "அண்ணன பாதித் தண்ணிய மாத்தச் சொல்லுங்க. ஸ்பாஞ்ச மட்டும் பிழிஞ்சிடாதீங்க." என் கைக்கு அதைவிடப் பெரிய சோதனை வந்ததில்லை. தெரு முழுக்க அந்த வாளியைத் தளும்பாமல் தூக்கி வந்தேன்.

படியேறியதும் இவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "முதல்ல கல்லை உள்ள வைப்போம், காஞ்சிடப் போகுது," என்றார். அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் குப்பி மஞ்சளானது. நானே ஜன்னலோரம் தூக்கிப் பார்த்தேன், சந்தேகமில்லாத மஞ்சள். அதற்கடுத்த நாள் மீன் ஒரு பையில் வந்தது. பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, எங்கள் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக அதில் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்து இவர் அதை மெல்ல உள்ளே விட்டார். மருந்துக்கடைத் தம்பி விரலால் கண்ணாடியைத் தொட்டு, "வரேண்டா," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்.

மீன் ஹீட்டருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இவரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் மதியம் கடையைப் பூட்டிவிட்டு இருவரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். இவர் ஒரு துணுக்கு இறாலை உள்ளே விட்டார். அது தண்ணீரில் சுற்றிச் சுற்றி இறங்கியது. கிழிந்த துடுப்பு அசைந்தது, மீன் வெளியே வந்தது, லபக்கென்று கவ்வியது. இவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

அப்போதுதான் கேட்டேன். "உங்களுக்குக் கோபமே வரலியா?"

"அன்னிக்கே ப்ளீச் வாசனை அடிச்சுது. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா பச்சைய மஞ்சள்னு சொன்னீங்க? மீன் கையவிட்டுப் போயிருந்தா?"

"போனா போகட்டும்னுதான் இருந்தேன். நீதான் காரணம்னு உனக்குத் தெரிஞ்சா, அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்ட. வெறும் தண்ணிய பாக்கறப்பகூட நீ பக்கத்துல உக்காந்திருந்தியே, அது நல்லா இருந்துச்சு."

முன்னாடியே சொல்லித் தொலைத்தால் என்ன என்று கத்தத்தான் வாயெடுத்தேன். ஆனால் நாற்காலியைத்தான் அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டேன்.